மீனைப் பார்த்தோம், மேசையைப் பார்த்தோமா?



உங்களிடம் ஒரு கேள்வி. யாருடைய வீட்டிலாவது பெரிய மீன்தொட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். அதில் என்ன மீன் நீந்தியது என்பதும் நினைவில் இருக்கும். ஆனால், அந்தத் தொட்டி எதன்மேல் நின்றது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? ஈராண்டுகளுக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால் என்னாலும் சொல்லியிருக்க முடியாது. இத்தனைக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே ஒரு தொட்டி இருந்தது. நான் படிப்பதோ இயந்திரப் பொறியியல்!

தொட்டியைத் தாங்கும் அந்த மேசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போகிறேன். எங்கள் வீட்டில் அதை மீன்மேசை என்போம். மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் மேசைக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். பொறுமையாகப் படியுங்கள், நம் கழகத்திற்கும் இதில் பங்கிருக்கிறது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தேர்வு விடுமுறைக்கு வீட்டிற்கு வந்திருந்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். ஏதோ உடையும் சத்தம். ஓடி வந்து விளக்கைப் போட்டால் வரவேற்பறை முழுவதும் தண்ணீர். அப்பாவின் நான்கு அடித் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன் கண்ணாடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. சுமார் 240 லிட்டர் தண்ணீர் தரையில். அப்பா வெறுங்காலோடு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நின்று, துள்ளிக்கொண்டிருந்த இரண்டு ஆஸ்கார் மீன்களை வாளியில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பாதத்திலிருந்து வழிந்த இரத்தம் தண்ணீரில் கலந்து ஓடியது.

எங்கள் பாட்டி தினமும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுப்பார். அன்று அந்த நேரத்தில் அவர் எழுந்து கழிப்பறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் தன் பாயின்மேல் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

காரணம் மறுநாள் காலையில்தான் புரிந்தது. தொட்டியோடு சேர்த்துக் கடையில் வாங்கிய அந்த அலமாரி மரமே அல்ல. மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை. மேலே மரம் போன்ற காகிதம். தண்ணீர் மாற்றும்போதும், வடிகட்டியைக் கழுவும்போதும் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியிருக்கிறது. வெட்டிய ஓரங்கள் வழியே உள்ளே புகுந்த நீர் பலகையை ஊத வைத்திருக்கிறது. ஊதிய பலகைக்குத் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் வலு இல்லை. ஒரு மூலை மெதுவாகக் கீழே இறங்க, தொட்டியின் அடிக்கண்ணாடி முறுகியிருக்கிறது. எந்தக் கண்ணாடி அந்த முறுக்கைத் தாங்கும்? ஆறாண்டுகள் நாங்கள் மீனைப் பார்த்தோமே தவிர, மேசையைக் குனிந்து பார்க்கவில்லை.

இதை எங்களுக்கு விளக்கிச் சொன்னது பொறியியல் படிக்கும் நான் அல்ல. என் அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இருவரும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தோம். பிறகு ஒரே தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனோம். 2016-ஆம் ஆண்டில் நான் யு.பி.எஸ்.ஆர். எழுதினேன், அதே ஆண்டில் அவர் எஸ்.பி.எம். எழுதினார். எனக்கு நல்ல தேர்ச்சி. கோயில் மண்டபத்தில் மேடையேற்றி, கேடயம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அடுத்த மார்ச்சில் அண்ணனின் முடிவு வந்தது. அன்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அம்மா சமைத்தார், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவுதான்.

அண்ணன் ஒரு தொழிற்பயிற்சிக் கழகத்தில் மரவேலை படித்து, எஸ்.கே.எம். மூன்றாம் நிலைச் சான்றிதழ் பெற்றார். மூவாரில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். இப்போது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் இருக்கிறார். ஆனால், வீட்டில் அவர் சான்றிதழைச் சுவரில் மாட்ட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. முதலாமாண்டில் விடுதித் தோழி, "உங்க அண்ணன் என்ன செய்றாரு?" என்று கேட்டபோது, "ஃபர்னிச்சர் பிசினஸ்" என்று சொல்லிவிட்டேன். 'தச்சர்' என்று சொல்ல என் நாக்கு ஏன் கூசியது? அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

தொட்டி உடைந்த பிறகு மீன்கள் இரண்டும் ஒரு பெரிய நீலத் தோங்கில் காற்றுக்குழாயோடு காலத்தைக் கழித்தன. அப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சிறுவயதில் ஆற்றில் இறங்கி லம்பாம் மீன் பிடித்தவர். தோட்டம் போய்விட்டது, ஆறும் போய்விட்டது. வேலை முடிந்து வந்து மீனுக்கு முன்னால் அரைமணி நேரம் உட்காருவதுதான் அவருடைய ஓய்வு. வீடு மாறிப் போகும் ஒருவர் தம்முடைய ஆறு அடித் தொட்டியை மலிவாகக் கொடுப்பதாகச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. பாட்டியின் முகமோ வாடியது. "மறுபடியும் அந்த எழவா?" என்றார். அப்போது அண்ணன், "மேசைய நான் செய்றேன் பாட்டி. நீ அது மேல ஏறி நின்னாலும் அசையாது" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "வரைபடம் நான் போடுறேன்" என்றேன்.

இங்கே சில கணக்குகளைச் சொல்ல வேண்டும். ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். மீட்டர் கணக்கில் சுமார் 180 x 60 x 60 சென்டிமீட்டர். விளிம்புவரை நிரப்பினால் 648 லிட்டர். அதாவது 648 கிலோ தண்ணீர். 12 மில்லிமீட்டர் கண்ணாடியின் எடை ஏறத்தாழ 120 கிலோ. மணலும் கல்லும் 80 கிலோ. ஆக மொத்தம் 850 கிலோவுக்கு நெருக்கம். நம் ஊர்ச் சிறிய கார் ஒன்றை வரவேற்பறையில் இரண்டரை அடி உயரத்தில் இரவும் பகலும் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம்.

எங்கள் வீடு தரைவீடு. தொட்டி வைக்கும் இடத்தில் தளத்துக்குக் கீழே மண்தான். அடுக்குமாடியில் இருக்கும் நண்பர்கள் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள், வீட்டுத் தளத்திற்கு ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ என்ற பயன்பாட்டுச் சுமையைத்தான் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. இந்தத் தொட்டி தான் நிற்கும் இடத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு அழுத்துகிறது. கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் மாடியில் இதை வைக்காதீர்கள்.

நான் மடிக்கணினியில் இரண்டு நாள் உட்கார்ந்து அழகான வரைபடம் ஒன்றை வரைந்தேன். நான்கு பக்கமும் கோணம் மாறாமல், நிறமெல்லாம் தீட்டி, பேராசிரியரிடம் காட்டினால் 'ஏ' கிடைக்கும்போல் இருந்தது. அண்ணன் அதை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மேற்சட்டம் காலோடு சேரும் இடத்தில் விரலை வைத்தார்.

"பாப்பா, இந்த வெயிட்ட யாரு தூக்குறா?"

"கால்தான்."

"எங்க தூக்குது? சட்டத்த காலுக்கு நடுவுல வச்சு சைடுல ஸ்க்ரூ போட்டிருக்க. அப்ப ஸ்க்ரூதானே தூக்குது? காலு சும்மா பக்கத்துல நிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது முற்றிலும் சரி. எடை கண்ணாடியிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் மரத்தின்மேல் மரமாக நேரே இறங்க வேண்டும். மேற்சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். திருகாணியின் வேலை, மரங்கள் இடம் மாறாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். விசை எந்த வழியாக இறங்குகிறது என்பதை வகுப்பில் எத்தனையோ முறை அம்புக்குறி போட்டுப் படித்திருக்கிறேன். சொந்த வீட்டில் மேசை வரையும்போது அந்த அம்புக்குறியை மறந்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு, 'ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நான் சொல்ல வருவதாக முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்த நாளே நிலைமை மாறியது. அண்ணன் மனத்தில் வைத்திருந்த மேசைக்கு நான்கு மூலையிலும் 4 x 4 அங்குலத்தில் பருமனான கால்கள். நடுவில் கால் இல்லை. கதவு பெரிதாகத் திறந்தால் வடிகட்டியை எளிதாக எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். நான் கணக்குப் போட்டேன். 2 x 4 அங்குலக் கட்டையில் ஆறு கால்கள் வைத்தாலே, மரத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 0.3 நியூட்டனுக்கும் குறைவாகத்தான் சுமக்கிறது. மரத்துக்கு அது ஒரு சுமையே இல்லை. ஆகவே காலின் பருமன் பிரச்சினை அல்ல. சட்டம் வளைவதுதான் பிரச்சினை. நடுக்கால் இல்லாமல் ஆறு அடிச் சட்டம் ஏறத்தாழ ஏழரை மில்லிமீட்டர் தொய்யும். நடுவில் ஒரு கால் வைத்தால் அந்தத் தொய்வு பதினாறில் ஒரு பங்காகி, அரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். இடைவெளி பாதியானால் தொய்வு பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிறது!

அண்ணன் நம்பவில்லை. பட்டறையில் ஒரு நீளப் பலகையை இரண்டு கட்டைகளின்மேல் வைத்து நடுவில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு நடுவில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். எழுந்து வந்து, "சரி, ஆறு காலு" என்றார். 4 x 4 கட்டைக்கு ஆகவிருந்த பணமும் மிச்சமாயிற்று. அவர் பதிலுக்கு எனக்கு ஒரு பாடம் சொன்னார்: "சட்டத்த படுக்கப் போடாத, நிறுத்திப் போடு." படுக்கப் போட்டால் அதே கட்டை நான்கு மடங்கு அதிகமாக வளையும். எனக்கு அது சூத்திரமாகத் தெரியும். அவருக்கு அது கையில் தெரியும். இரண்டும் ஒரே உண்மைதான்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் வாயே திறக்கவில்லை. அண்ணன் கெம்பாஸ் மரத்தை எடுத்தார். கனமானது, கடினமானது. முதலில் துளை போடாமல் திருகாணியை ஏற்றினால் ஒன்று கட்டை பிளக்கும். இல்லையென்றால் திருகாணியின் தலை ஒடியும். பட்டறையில் ரப்பர் மரத் துண்டுகள் நிறையக் கிடந்தன. "இது சும்மாதானே கிடக்குது, இதுல செய்யலாமே" என்று கேட்டேன். "நாற்காலிக்கு நல்ல மரம். தண்ணி படுற எடத்துக்கு வேணாம். ஈரம் பட்டா பூஞ்சணம் புடிக்கும்" என்றார். ஆனாலும் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டு வந்து பாட்டியிடம் கொடுத்தார்.

பாட்டி அதைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இது பால் மரமாய்யா?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடியற்காலையில் எழுந்து பால் வெட்டிய கை அது. அந்தக் காலத்தில் பால் வற்றிய மரத்தை வெட்டினால் விறகுக்குத்தான் போகும் என்றார். ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்து வெட்டப்படுகிறது. வெட்டியதும் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூச்சியும் பூஞ்சணமும் அண்டாமல் மேசை நாற்காலிக்கு ஏற்ற மரமாகிறது. இன்று மலேசியாவின் தளவாட ஏற்றுமதிக்கு அதுதான் முதன்மையான மரம். பாட்டி பால் எடுத்த மரத்தில் பேரன் நாற்காலி செய்கிறார். அந்த உறவை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

வேலை நடக்கும்போது இன்னொன்றையும் கவனித்தேன். மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவியை அண்ணன் 'கெத்தாம்' என்றார். மலாயில் நண்டுக்கும் அதே பெயர்தான். எனக்கு அதன் ஆங்கிலப் பெயர் மட்டும் தெரியும். பாட்டியோ, "இழைப்புளியக் கெட்டியாப் புடிய்யா" என்றார். பாட்டியின் தம்பி தோட்டத்தில் ஆசாரி வேலை பார்த்தவராம். உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு என்று பாட்டி சொல்லிக்கொண்டே போனார். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்த எனக்கு 'நெம்புகோல்' தெரியும், 'இழைப்புளி' தெரியாது. கலைச்சொல் உருவாக்குவதைப் பற்றி நாம் கருத்தரங்கம் நடத்துகிறோம். ஏற்கெனவே இருக்கும் சொற்கள் பாட்டிமாரோடு போய்க்கொண்டிருக்கின்றன. கைத்தொழில் நம்மைவிட்டுப் போகும்போது அதன் சொற்களும் கூடவே போய்விடும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மூன்று வாரக் கடைசிகள் வேலை நடந்தது. சட்டத்தைத் தரையில் அடுக்கியதும் அண்ணன் மூலைக்கு மூலை குறுக்காக அளக்கச் சொன்னார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணமாக இருக்கும். 180-க்கு 60 என்றால் இரண்டும் 189.7 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்று 190.2 வந்தது. அவர் ஒரு மூலையை முழங்கையால் லேசாகத் தட்டினார். மறுபடியும் அளந்தேன், சரியாக இருந்தது! பின்பக்கமும் இரு ஓரங்களிலும் பிளைவுட் பலகையைப் பசையிட்டு இறுக்கினார். அந்தப் பலகை இல்லாவிட்டால் யாராவது பக்கவாட்டில் இடித்தாலே மேசை இணைகரமாகிவிடும். வார்னிஷ் அடிக்கும் வேலை எனக்கு. வெளிப்பக்கம் மட்டும் அடித்துவிட்டு எழுந்தேன். "உள்பக்கம் யாரு அடிப்பா? கட்டையோட வெட்டின முனைதான் தண்ணிய அதிகமா குடிக்கும்" என்றார். கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கெல்லாம் மூன்று பூச்சு அடித்தேன்.

மேசையை வரவேற்பறையில் வைத்து ரசமட்டம் பார்த்தபோது ஒரு பக்கம் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. குறை மேசையில் இல்லை. எங்கள் வீட்டுத் தரை வாசலை நோக்கிச் சாய்ந்திருந்தது. அடியில் நீள ஆப்புப் பலகை செதுக்கி வைத்துச் சரிசெய்தோம். மேசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பாலிஸ்டைரின் பலகை. சிறு மேடு பள்ளங்களை அது வாங்கிக்கொள்ளும். பிறகு கால் பங்கு தண்ணீர், காத்திருந்து அளந்தோம். அரைப் பங்கு, மறுபடியும் அளந்தோம். முழுத் தொட்டியும் நிரம்பியபோது இரவு பதினொரு மணி. அன்றிரவு அப்பா தூங்கவில்லை. தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டி ஒரு வாரம் அறைக்குள் படுத்தார். எட்டாம் நாள் பாயை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டார். அண்ணனுக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்றிதழ் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் உறவினர் வீட்டுத் திருமணம். மாமா ஒருவர் என்னைப் பார்த்து, "பாப்பா இஞ்சினியரு! ரொம்ப சந்தோஷம்" என்றார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "நீ என்னாப்பா, இன்னும் அந்தக் கட்ட வேலதானா?" என்று கேட்டார். அண்ணன் "ஆமா மாமா" என்று சிரித்துவிட்டு, சாப்பிடாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சில ஆண்டுகளாக அவர் ஏன் குடும்ப விழாக்களைத் தவிர்க்கிறார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஆனால் மாமாவை நான் எப்படிக் குறை சொல்வேன்? அவர் வாய்விட்டுக் கேட்டதைத்தானே நான் என் தோழியிடம் மறைத்தேன்?

நண்பர்களே, இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 'நம் தாத்தா பாட்டி கையால் உழைத்து உழைத்தே தேய்ந்தவர்கள். பிள்ளைகள் அப்படி ஆகக்கூடாது என்றுதானே படிக்க வைத்தார்கள்? மீண்டும் கைவேலைக்குப் போகச் சொல்கிறாயா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்டத்து வேலை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தது அல்ல. கூலியும் குறைவு. தொழிற்சாலையில் அண்ணன் பட்ட பாடும் எனக்குத் தெரியும். அவருடைய இடதுகை ஆள்காட்டி விரலில் இயந்திரம் போட்ட தழும்பு இருக்கிறது. கைத்தொழிலைக் காவியமாக்க நான் விரும்பவில்லை.

ஆனால் நம் பெற்றோர் தப்பிக்க நினைத்தது எதிலிருந்து? குறைந்த கூலியிலிருந்தும், அவமதிப்பிலிருந்தும், வேறு வழியில்லாத நிலையிலிருந்தும்தான். உளியிலிருந்தும் மரத்திலிருந்தும் அல்ல. இன்று தன் தொழிலைச் சரியாகக் கற்று, சான்றிதழும் வைத்திருக்கும் ஒருவரை நாமே அவமதித்தால், அவர்கள் தப்பிக்க நினைத்த அந்த அவமதிப்பை நாம்தானே வீட்டுக்குள் கொண்டு வருகிறோம்?

இப்போது நம் கழகத்தின் பங்குக்கு வருகிறேன். எஸ்.பி.எம். மாணவர்களுக்காக நாம் நடத்தும் கல்வி வழிகாட்டிக் கருத்தரங்கில் இரண்டு முறை நானே பேசியிருக்கிறேன். மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா என்று ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு விளக்கினேன். தொழிற்பயிற்சிக்கு ஒரே ஒரு வரி. அதுவும் கடைசிப் பக்கத்தில், 'தேர்ச்சி குறைந்தவர்களுக்கு' என்ற தலைப்பில். அந்த மண்டபத்தில் என் அண்ணனைப் போன்ற எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? அவர்களுடைய வாழ்க்கைக்கு நான் வைத்த தலைப்பு அது!

மேசை செய்து முடித்த பிறகுதான் நான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். எஸ்.கே.எம். மூன்றாம் நிலையோடு பாதை முடிவதில்லை. நான்காம் நிலை மலேசியத் திறன் டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர்நிலை டிப்ளோமா. அதற்குப் பிறகு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. பல ஆண்டுகள் வேலை செய்தும் சான்றிதழே இல்லாதவர்கள், தங்கள் அனுபவத்தையும் திறனையும் ஆதாரத்தோடு காட்டிச் சான்றிதழ் பெறுவதற்கும் ஒரு முறை உண்டு. மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை இதை நடத்துகிறது. முன்பின் தெரியாத மாணவர்களுக்கு வழிகாட்டிய நான், உடன்பிறந்தவருக்கு இந்த வழி இருக்கிறதா என்று ஒருநாள்கூடத் தேடிப் பார்த்ததில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே நம் கழகத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, அடுத்த வழிகாட்டிக் கருத்தரங்கில் தொழிற்கல்விக்கு மற்றவற்றுக்குச் சமமான நேரம் ஒதுக்குவோம். அதை நாம் பேச வேண்டாம். ஒரு தச்சரும், ஒரு பற்றவைப்பாளரும், ஒரு மின்பணியாளரும் மேடையேறிப் பேசட்டும். நல்லதையும் சொல்லட்டும், சம்பளம் எங்கே குறைவு, யாரிடம் ஏமாறக்கூடாது என்பதையும் சொல்லட்டும்.

இரண்டாவது, நம் மொழி விழாவின்போது ஒரு நாளாவது கைத்தொழில் பட்டறை நடத்துவோம். ஒரு சிறு நாற்காலி செய்யத் தமிழில் கற்றுக்கொள்வோம். முதியவர்களிடம் கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதி, இந்த ஆண்டிதழிலேயே வெளியிடுவோம். அகராதியில் மட்டும் இருந்தால் போதாது. கையில் கருவியைப் பிடித்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்லும் ஆள் வேண்டும்.

மூன்றாவது, பரிசளிப்பு விழாக்களைப் பற்றியது. யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் 'எத்தனை ஏ?' என்ற கேள்வி நம் மனத்திலிருந்து நீங்கவில்லை. எஸ்.பி.எம். சாதனையாளருக்குக் கேடயம் கொடுக்கும் அதே மேடையில், திறன் சான்றிதழ் பெற்ற நம் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைப்போம். தனி நாள் வேண்டாம், தனி வரிசை வேண்டாம். அதே மேடை, அதே கைத்தட்டல்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. விருந்தினர் யாராவது வந்து, "மீனு நல்லா வளந்திருக்கே!" என்று சொன்னால், அப்பா குனிந்து மேசைக் கதவைத் திறக்கிறார். மேற்சட்டம் கால்மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கைவிளக்கு அடித்துக் காட்டுகிறார். "இதப் பாருங்க. என் மகன் செஞ்சது. மக கணக்குப் போட்டா" என்கிறார். சென்ற மாதம் விடுமுறைக்குப் போனபோது சுவரில் என் பழைய படத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் எஸ்.கே.எம். சான்றிதழ் தொங்கியது. சட்டம் அண்ணன் செய்தது, ரப்பர் மரம். ஆணி அடித்தது அப்பா. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் சாய்வுதான். சொல்லவில்லை.

அண்ணன் நான்காம் நிலைக்கான பாரத்தை வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் நிரப்பவில்லை. "நேரம் இல்ல பாப்பா" என்கிறார். அடுத்த விடுமுறையில் இருவரும் உட்கார்ந்து நிரப்பப் போகிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அண்ணனோ, தம்பியோ, மாமாவோ இருப்பார். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அவர் என்ன வேலை செய்கிறார், அதை எப்படிச் செய்கிறார் என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். நம் தோழர்கள் கேட்டால் அந்தத் தொழிலின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.

என் அண்ணன் ஒரு தச்சர்.